லேசு வேலைக்கு முழுப் பேர்

என் தாய்மாமாவுக்கு ஒரு வருடக் கடூழியச் சிறை என்று நீதவான் தீர்ப்பளித்தபோது, அது எவ்வளவு வேலை என்ற கேள்விதான் எனக்கு முதலில் வந்தது.

அது என் தொழில் தந்த பழக்கம். நான் ஒரு பிரதேச சபையில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். ஒரு ஆள் ஒரு நாளில் இளகிய மண்ணில் எவ்வளவு தோண்டலாம், சரளையில் எவ்வளவு, பாறை கலந்த நிலத்தில் எவ்வளவு என்பதற்கெல்லாம் எங்களிடம் அளவுகள் உண்டு. கருங்கல் அடுக்குவதற்கு உண்டு, கொங்கிரீட் குழைப்பதற்கு உண்டு, குழைத்ததைச் சுமந்து மேட்டில் ஏற்றுவதற்குத் தனியாக உண்டு. ஆகவே அரசாங்கம் ஒருவரிடம் கடுமையான வேலை கேட்கிறது என்றால் அதற்கும் எங்காவது ஓர் அளவு இருக்கும் என்று நம்பினேன்.

இரத்தினபுரி நீதிமன்றத்தில் அன்று நல்ல மழை. ஓட்டுக் கூரையின் சத்தத்தில் நீதவான் சொன்னது பின்வரிசை வாங்கில் இருந்த எங்களுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. கூண்டில் நின்ற மாமாவுக்கு முழுதாகக் கேட்டது. சிங்களம் அவருக்குத் தமிழைப் போலத்தான். மொழிபெயர்ப்பாளர் வாய் திறப்பதற்கு முன்பே தலையாட்டிவிட்டார். என் பக்கத்தில் இருந்த அத்தை, அவருடைய மனைவி, என் கையைப் பிடித்து இழுத்தார்.

“என்னா புள்ள சொன்னாரு?”

“ஒரு வருசம் அத்தே. பரபத்தல வெட.”

பாரமான வேலை. சிங்களத்தில் கடூழியத்துக்கு அதுதான் சொல். அத்தையின் முகத்தில் ஒரு கணம் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

“வேலதானே? வேலைன்னா செய்வாரு,” என்றார். அடுத்த கணமே வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, அவரு வயிறு.”

மாமாவுக்குக் குடலிறக்கம் இருந்தது. அடிவயிற்றின் வலது பக்கம் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வரும். படுத்தால் உள்ளே போய்விடும், பாரம் தூக்கினால் வெளியே வரும். ஒரு பழைய துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு பல வருடங்களாக அதோடு வேலை செய்தார். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒருநாளும் போனதில்லை. இறங்கிய குடல் ஒருநாள் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டால், சில மணி நேரத்துக்குள் கத்தி வைக்காவிட்டால், ஆள் பிழைக்கமாட்டார் என்பது எனக்கும் அத்தைக்கும் தெரியும். அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் அப்படிப் போயிருக்கிறார்.

நீதிமன்ற விறாந்தையில் வழக்கறிஞரைப் பிடித்தேன். இரத்தினபுரி டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர், வயதானவர். தமிழில் நிதானமாகப் பேசுவார்.

“கடூழியம் என்றால் எவ்வளவு வேலை, சேர்?”

அவர் குடையை விரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இதுவரைக்கும் ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்ல தங்கச்சி. சட்டத்துல கிலோ கணக்கெல்லாம் இல்ல. வேல தந்தா செய்யோணும், மாட்டேன் எண்டு சொல்லேலாது. அவ்வளவுதான்.”

“சாதாரண சிறை என்றால்?”

“வேலைக்குக் கட்டாயமில்ல. உள்ளுக்கு இருந்தாச் சரி.”

“அப்படியென்றால் என்ன வேலை, எவ்வளவு பாரம் என்பதை யார் முடிவு செய்கிறது?”

“உள்ளுக்குப் போனதும் டொக்டர் பாப்பாரு. ஆளுக்கு ஏலுமா ஏலாதா எண்டு அவர் எழுதுறதுதான் கணக்கு. வயிறு சரியில்ல எண்டா லேசான வேல குடுப்பாங்க. அதுவும் கடூழியம்தான்.”

இது எனக்குப் போதுமானதாக இருந்தது. பாரத்தைத் தீர்மானிக்கும் இடம் டொக்டரின் மேசை. மாமா அங்கே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சிறைச்சாலை பஸ் புறப்படும்போது அத்தை மழையில் ஓடிப்போய், சுற்றி நின்ற அத்தனை சனத்துக்கும் கேட்கும்படி கத்தினார்.

“டொக்டர்கிட்ட சொல்லுங்க! கொடலு எறங்குதுன்னு சொல்லுங்க!”

கம்பி ஜன்னலுக்குள் இருந்த மாமா வெட்கத்தில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா குற்றவாளிதான். அதை மழுப்பி எழுத எனக்கு விருப்பமில்லை. ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கான் வெட்டுகிறவர். மழைநீர் சரிவு மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத் தேயிலைச் செடிகளுக்கு ஊடே வெட்டும் வாய்க்கால்தான் கான். ஒருவருக்கு இவ்வளவு நீளம் என்று காலையில் அளந்து விடுவார்கள். வெட்டி முடித்தால் அன்றைய பேர். ஒரு நாள் வேலை செய்ததாகப் பதிவதைத் தோட்டத்தில் பேர் போடுவது என்பார்கள். முழு வேலைக்கு முழுப் பேர். பாதி வேலைக்கோ, உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கொடுக்கும் லேசு வேலைக்கோ அரைப் பேர். ஞாயிற்றுக்கிழமை பேர் இல்லை. பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு இல்லை. மழை அடித்து வேலை நின்றாலும் இல்லை. தோட்டத்தில் நாட்கள் தானாகக் கழிவதில்லை. யாராவது பேர் போட்டால்தான் ஒரு நாள் நாளாகும்.

மாமா வேகமானவர். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்க உட்காரும் நேரத்தில் அவருக்கு அளந்து விட்ட கணக்கு முடிந்திருக்கும். மம்பட்டியைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். முழுப் பேர் விழும். வருடக்கணக்காக இப்படித்தான் நடந்தது. பிறகு புதிதாக வந்த வெளிக்கள உத்தியோகத்தர், மாலை வரை மலையில் நிற்காதவனுக்கு அரைப் பேர்தான் என்றார். மாமா தான் வெட்டிய கானைக் காட்டினார். அவர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பேச்சு முற்றி, மாமா மம்பட்டிக் காம்பால் ஓங்கி அடித்தார். அந்த மனிதரின் முன்கை எலும்பு முறிந்தது. கம்பனி சொல்லச் சொன்னதைச் சொன்ன ஒருவருடைய கை அது. அடித்ததை மாமா மறுக்கவில்லை. நானும் அவருக்காக வாதாடவில்லை. தண்டனை சரிதான் என்று நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நீதவான் விதித்தது ஒரு வருடம். மாமாவின் குடலை அவர் கேட்கவில்லை.

முதல் முறை பார்க்கப் போனபோது சவர்க்காரம், பற்பசை, உடுக்க இரண்டு சாரம், பிஸ்கட், அத்தை பொரித்த கருவாடு என்று ஒரு பை கொண்டுபோனோம். கருவாடு வாசலிலேயே திரும்பி வந்தது. பார்க்கும் இடத்தில் இரண்டு வரிசைக் கம்பிவலை. நடுவில் ஒரு ஆள் நடக்கும் இடைவெளி. அந்தப் பக்கத்தில் பத்துப் பேர், இந்தப் பக்கத்தில் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். மாமா கத்தவே தேவையில்லை. மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய குரல்.

“எப்புடி இருக்கீங்க?”

“நல்லாத்தான் இருக்கேன். வெறகு பார்ட்டில போட்டிருக்காங்க. றப்பர் மரத்துண்டு லொறில வருது. எறக்குறது, பொளக்கிறது, குசினிக்குத் தூக்குறது. மத்தவனுங்களுக்குக் கோடாலியப் புடிக்கவே தெரியல புள்ள. பூட்டு ஒடைக்கத் தெரியுது, வெறகு ஒடைக்கத் தெரியல.”

பக்கத்தில் நின்ற கைதி ஒருவன் சிரித்தான். மாமாவைக் காட்டி, “எங்க கங்காணி,” என்றான்.

அத்தை சிரிக்கவில்லை. “டொக்டர் பாத்தாரா?”

“பாத்தாரு.”

“சொன்னீங்களா?”

மாமா வலையில் விரலைக் கோர்த்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். “வருத்தம் ஏதும் இருக்கான்னு கேட்டாரு. ஒன்னுமில்ல சார்னு சொன்னேன்.”

“ஒன்னுமில்லையா?”

“நின்னுக்கிட்டு இருந்தேன். துண்டு கட்டியிருந்தேன். அவருக்கும் நூறு பேர் லைன்ல. கைய காலத் தட்டிப் பாத்தாரு, நாக்கப் பாத்தாரு, போன்னாரு.”

அத்தை என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. கெட்டிக்காரத்தனமாக ஏதோ செய்து முடித்தவரின் முகம் அது. மணி அடித்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அத்தை அழுதுகொண்டே வந்தார். எனக்கு ஒரு வேலை சரியாக நடக்காவிட்டால் காரணங்களை வரிசைப்படுத்திப் பார்க்காமல் இருக்க முடியாது. பெல்மடுல்லை தாண்டுவதற்குள் மனதில் நாலு காரணங்கள் சேர்ந்தன. வெட்கம். சத்திரசிகிச்சைப் பயம். நோய் வருத்தக்காரன் என்றால் அங்கே மட்டமாக நடத்துவார்களோ என்ற பயம். பிறகு வீம்பு. இவற்றில் எதுவாக இருந்தாலும் பேசி மாற்றலாம் என்று எனக்குத் தைரியம் இருந்தது.

அடுத்த முறை போனபோது மாமா மெலிந்திருந்தார். நின்றபடி பேசவில்லை, வலையோரம் இருந்த சிமெந்துத் திண்ணையில் சாய்ந்து, வலது கையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. வெளியே மழை, உள்ளே குளிர்தான்.

“எறங்கியிருக்கா?” என்றார் அத்தை.

“காலையில வெறகு மூட்டை தூக்குனேன். வந்திருச்சு. படுத்தாப் போயிரும்.”

“போகலன்னா?”

“போகும்.”

நான் என் காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சுற்றிவளைக்க நேரம் இல்லை.

“டொக்டர்கிட்டக் காட்ட வெட்கமா மாமா?”

“இங்க குளிக்கிறதே நாப்பது பேரோட. இனிமே என்னா வெட்கம்?”

“ஆப்பரேசனுக்குப் பயமா?”

“தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட வளந்தவன் புள்ள நானு. கத்திக்குப் பயப்புடுவேனா?”

“சொன்னா அடிப்பாங்களா?”

“சே. நல்ல மனுசனுங்கதான்.”

“அப்ப வீம்பா?”

இதற்கு அவருக்குக் கோபம் வந்தது. “நீ டேப்பு புடிச்சு ரோட்ட அள. என்னைய அளக்காத.”

அத்தை வலையில் நெற்றியை முட்டினார். “பின்ன ஏன் சொல்லமாட்டேங்கறீங்க? செத்துப்போகவா?”

“வீட்டுக்கு வரத்தான்!” என்றார் மாமா.

சுற்றியிருந்த சத்தத்துக்குள் அந்தச் சொல் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் விழுந்ததுபோல் இருந்தது. நான் கேட்டேன்: “டொக்டர்கிட்ட சொன்னா ஏன் வீட்டுக்கு வர முடியாது?”

என் அறியாமையைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. சின்ன வயதில் எனக்குச் செருப்பு வார் மாட்டிவிட்டபோது பேசிய குரலில் பேசினார்.

“நல்லாக் கேளு மருமகளே. சொன்னா என்னா பண்ணுவாங்க? லேசு வேலைல போடுவாங்க. லேசு வேலைக்கு என்னா பேரு?”

“அரைப் பேரு,” என்றார் அத்தை, மெதுவாக.

“ஆங். ஒரு வருசத்துக்கு அரைப் பேரு போட்டா எப்ப முடியும்? ரெண்டு வருசம் ஆகும். ஆப்பரேசன் பண்ணிப் படுத்தா அதுக்குப் பேரே இல்ல. நான் வெளிய வர்றப்ப நீங்க என்னைய மறந்துருவீங்க. முக்கிக்கிட்டாவது முழுப் பேரு போட்டு முடிச்சிட்டா வந்துரலாம்.”

மாமா முட்டாள் இல்லை. அவருக்கு உள்ளே ஒரு விடுதலைத் தேதி சொல்லியிருந்தார்கள். அதை அவர் மதிப்பீடாக எடுத்துக்கொண்டார். கவ்வாத்து இந்த மாதம் முடியும் என்று தோட்டத்தில் சொல்வதைப்போல, பாலம் பங்குனியில் முடியும் என்று நான் எழுதிக் கொடுப்பதைப்போல. வேலை சரியாக நடந்தால் அந்தத் தேதி. ஆள் குறைந்தால் தள்ளும், மழை பெய்தால் தள்ளும். அதோடு, ஒழுங்காக வேலை செய்பவனுக்குத் தண்டனையில் கழிவு உண்டு, கள்ளமடித்தால் அந்தக் கழிவு போய்விடும் என்று கைதிகள் பேசிக்கொள்வது அவர் காதில் விழுந்திருந்தது. ஆகவே வேலைக்கும் நாளுக்கும் தொடர்பு இருப்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. பிறந்ததிலிருந்து வேறு எந்த இடத்திலும் அவர் நாள் எண்ணியதில்லை. வேலை செய்யாத நாளையும் சேர்த்து ஒருவர் எண்ணுவார் என்று அவர் எப்படி நினைத்துப் பார்ப்பார்?

“மாமா,” என்றேன், “இங்க பேரு வேலைக்குப் போடுறதில்ல. இருக்கிறதுக்குப் போடுறது.”

“என்னா?”

“நீங்க இன்னைக்கு இங்க படுத்துத் தூங்கினா இன்னைக்கு நாள் கழிஞ்சிடும். வெறகு பொளந்தாலும் ஒரு நாள்தான். பொளக்காட்டியும் ஒரு நாள்தான்.”

“தூங்குறவனுக்கு எவன் புள்ள பேரு போடுவான்?”

“ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா?”

“இல்ல.”

“போயாவுக்கு?”

“இல்ல. அதெல்லாம் கழிச்சுத்தானே எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

அத்தை நிமிர்ந்தார். “ஞாயித்துக்கெழமைய கழிச்சிட்டா எண்ணுறீங்க?”

“பின்ன? பேரு இல்லாத நாள எப்புடிச் சேக்குறது? முதல் வாரம் மழைக்கு லொறி வரல. அதையும் கழிச்சிட்டேன்.”

அதாவது, எங்களுக்குத் தெரிந்ததைவிட மாதக்கணக்கில் நீண்ட ஒரு தண்டனையை இந்த மனிதர் தனக்குத்தானே விதித்துக்கொண்டு, அதை முடிப்பதற்காகக் குடலைக் கையில் பிடித்தபடி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, இரண்டு வலைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்த காவலரைக் கூப்பிட்டேன்.

நான் சொன்னால் மாமா நம்பமாட்டார். நான் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. பேர் போடும் தரப்பிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும்.

நடுத்தர வயதுக் காவலர். நான் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. தோட்டத்தில் லேசு வேலைக்கு அரை நாள் போடுவார்கள், அதுபோல இங்கேயும் என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். சத்தமாகச் சிரித்து, வாசலில் நின்ற இன்னொரு காவலரைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். பிறகு மாமா அழுத்திப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மாமாவிடம் சிங்களத்தில் அவர் சொன்னது இதுதான்: இங்கே நாங்கள் ராத்திரிகளைத்தான் எண்ணுகிறோம். நீ விறகு பிளந்த ராத்திரியும் ஒன்று, காய்ச்சலில் கிடந்த ராத்திரியும் ஒன்று. ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்த ராத்திரியும் எங்கள் கணக்கில்தான். டொக்டர் கொடுக்கும் வேலை என்ன வேலையாக இருந்தாலும் உன் கழிவு குறையாது. உன்னை ஒரு ராத்திரி கூட அதிகமாக வைத்துச் சோறு போட எங்களுக்கு என்ன விருப்பமா?

மாமா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“இரிதாத்?” ஞாயிறுமா?

ஞாயிறும்.

போயாவும்?

போயாவும்.

“வெஹி தவஸ?” மழை நாள்?

“மழை நாளும்தான் ஐயா, மழை நாளும்தான்!” என்றார் காவலர், தமிழில்.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். வலி என்று நினைத்து அத்தை கூச்சலிட்டார். வலி இல்லை. அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கழித்து வைத்திருந்த ஞாயிறுகளை எல்லாம் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துத் தலை நிமிர்ந்தபோது அவர் கண் நிறைந்திருந்தது.

“அப்ப பொங்கலுக்கு வந்துருவேன்ல?” என்றார்.

டொக்டர் வரும் நாள்வரை காவலர் காத்திருக்கவில்லை. அன்று மாலையே மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரி வாட்டுக்கு நாங்கள் போனபோது மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார்; பக்கத்து நாற்காலியில் ஒரு காவலர் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனாவது ஓவர்னு பாரு மருமகளே,” என்றார். “இதுக்கும் பேரு ஓடிக்கிட்டே இருக்கு.”

அதன் பிறகு மிச்சத் தண்டனை முழுவதும் அவருக்குச் சிறைக் குசினியில் வேலை. வெங்காயம் உரிப்பது, பரங்கிக்காய் வெட்டுவது, அரிசியில் கல் பொறுக்குவது. பொம்பளை வேலை என்று முதலில் முணுமுணுத்தார். அத்தை வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, “நான் செஞ்சா அதுக்கு அரைப் பேரு கூட இல்ல, உங்களுக்கு முழுப் பேரு போடுறாங்கல்ல, வாய மூடிக்கிட்டு உரிங்க,” என்றார். அடுத்தடுத்த முறை போனபோது மாமா, வெங்காயம் உரிக்கும்போது கண் எரியாமல் இருக்க என்ன செய்யலாம் என்று அத்தையிடம் விசாரித்தார்.

இந்த மாதங்களில் கடூழியம் என்றால் என்ன என்று எனக்கு ஒரு தெளிவு வந்தது. வழக்கறிஞர் முதல் நாளே சொன்னதுதான், எனக்குத்தான் அப்போது ஏறவில்லை. அதற்கு அளவு இல்லாததற்குக் காரணம், அதில் வேலை முக்கியமே இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையைத்தான் எடுக்கிறார்கள். வேலை சும்மா அடையாளத்துக்கு. அந்த உரிமை முன்பே கையில் இருந்த ஒருவருக்கு அது பெரிய இழப்பு. ஒரு வங்கி முகாமையாளருக்குக் கடூழியம் என்றால் வெங்காயம் உரிப்பதும் அவமானமாக இருக்கும். மாமா, வேலைக்கு ஆள் பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டில் நின்று, இன்றைக்கு எனக்கு வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பிறகும் பேர் வாங்கியவர் அல்ல. அவரிடமிருந்து தீர்ப்பால் எடுக்க முடிந்தது அவருடைய இரவுகளை மட்டும்தான். அத்தையோடும் தன் கதவோடும் இருக்க வேண்டிய இரவுகள். அதுவே பெரிய தண்டனை, அதை அவர் முழுதாகக் கட்டினார். பாரத்தைத் தோட்டத்திலிருந்து அவரே எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டார். வாசலில் நின்ற எங்களிடம் ஒரு சின்னப் பையைக் கொடுத்துவிட்டு, “நேத்து போயா,” என்றார். “சும்மா படுத்துக் கெடந்தேன். அதையும் சேத்து எழுதித்தான் அனுப்பியிருக்காங்க.”

தோட்டத்தில் ஆள் தட்டுப்பாடு. முகாமையாளரான துரை கொஞ்சம் யோசித்து மாமாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். இம்முறை மாமா அதை ஒளிக்கவில்லை; பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் நீட்டினார். அவரை நர்சரியில் போட்டார்கள். தேயிலைக் கன்று வைப்பதற்குச் சின்னப் பைகளில் மண் நிரப்பும் வேலை.

அன்று நான் தற்செயலாக அங்கே இருந்தேன். லயத்துக்குப் போகும் மண்பாதைக்குக் கொங்கிரீட் போட எங்கள் சபை அனுமதி கொடுத்திருந்தது, அதை அளக்க வந்திருந்தேன். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தைத் தாண்டித்தான் பாதை போகிறது. பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள், அத்தையும் நின்றார். மேசையில் அதே வெளிக்கள உத்தியோகத்தர். அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே முழுதாக நிமிராமல் கொஞ்சம் வளைந்திருந்தது. மாமா மண் அப்பிய கைகளோடு வந்து நின்றார்.

“பேருங்க ஐயா.”

“லேசு வேலதானே,” என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல். “அரைப் பேரு.”

வரிசை அசையாமல் நின்றது. அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவே வருவதற்காக ஒரு அடி எடுத்து வைத்தார். நான் டேப்பை விட்டுவிட்டேன். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போன சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“ஜெயில்ல வெங்காயம் உரிச்சேன் ஐயா,” என்றார் மாமா. “அதுக்கு முழுப் பேரு போட்டாங்க.”

வரிசையின் கடைசியில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தார். அது முன்னால்வரை பரவியது. உத்தியோகத்தரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“அது அரசாங்கம்,” என்றார். “இது கம்பனி.”

“அதுஞ் சரிதான்.” மாமா அவருடைய வளைந்த கையைப் பார்த்தார். “கை எப்புடிங்க ஐயா இருக்கு?”

உத்தியோகத்தர் அந்தக் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “மழைக்கு வலிக்குது.”

“எனக்கும் தையல் போட்ட எடம் மழைக்கு இழுக்குது,” என்றார் மாமா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மலைப்பக்கம் திரண்டிருந்த மேகத்தைப் பார்த்தார்கள். பிறகு உத்தியோகத்தர் அரைப் பேர் போட்டார்.

“நாளைக்கும் பை ரொப்பவா ஐயா?”

“ரொப்பு.”

மாமா என்னோடு லயத்துப் பாதையில் ஏறினார். நான் டேப்பின் நுனியை அவரிடம் கொடுத்தேன். கேட்காமலே சரியான இடத்தில் குந்திப் பிடித்தார். மேட்டின் பாதிவரை அளந்து வந்தோம்.

“இந்த ரோட்டு வேல செய்றவனுங்களுக்கு எப்புடி?” என்றார். “சாயந்தரம் வரைக்கும் நிக்கணுமா, கணக்கா?”

“கணக்குத்தான் மாமா. நான்தான் அளந்து விடுவேன்.”

“முடிச்சிட்டா?”

“வீட்டுக்குப் போகலாம்.”

“முழுப் பேரு?”

“முழுப் பேரு.”

அவர் டேப்பை அடுத்த முளைக்கு நகர்த்தி, மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தார். இந்த இடத்தில் அடியில் பாறை இருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“கொறைய அளந்துராத, அப்பறம் ஒனக்குக் கெட்ட பேரு,” என்றார். “கூட அளந்தும் விட்டுறாத.”